அப்பாவின் பிக்கப்பும் நான் பிழையாகத் திருத்திய பிழையும்



போன எபிசோட்டில் டீபக் பண்ணுவது பற்றிக் கதைக்கும்போது, அப்பாவின் பிக்கப்பை நான் திருத்தப் போய் மாட்டுப்பட்ட கதையை இரண்டு நிமிசத்தில் சொல்லி முடித்துவிட்டேன். பிறகு வந்த மெயில்களில் பாதி அதைப் பற்றித்தான். "எங்கட அப்பாவின்ர வானும் இப்பிடித்தான் ஊளையிடுது, அது பிரேக்கா, ரயரா, வேற ஏதாவதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்தச் சாமான் காதால் கேட்டு விளங்குவது கொஞ்சம் கஷ்டம். எழுத்தில் ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. பகலில் சொப்ட்வெயர் எழுதுகிறவன். சனி ஞாயிறில் டிரைவ்வேயில் கையை அழுக்காக்குகிறவன். அதனால்தான் இந்தக் கதை உங்களுக்குப் பிரயோசனப்படும் என்று நினைக்கிறேன். நான் விட்ட பிழை ஸ்பானர் பிடிக்கத் தெரியாததால் வந்த பிழை இல்லை. யோசிக்கிற முறையில் விட்ட பிழை.

கதை தொடங்கியது இப்படி

அப்பா வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற தொழில் செய்கிறவர். அவருடைய பிக்கப் 2013ஆம் ஆண்டு மொடல், நாலு சில்லும் இழுக்கிற வகை. ஓட்டம் 230,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. மேலே ஏணிகள், பின்னால் பெயின்ற் வாளிகள், ஸ்பிரே மெசின். ஸ்காபரோவில் இருந்து காலமை ஆறு மணிக்கு 401 ஏறினால், இருட்டினபிறகுதான் வீடு. அந்த வண்டி நின்றால் அவருடைய வருமானமும் நிற்கும்.

போன வருசம் நவம்பரில் ஒருநாள் அவரோடு போகும்போது ஒரு சத்தம் கேட்டேன். மணிக்கு 60 கிலோமீற்றரில் தொடங்கி, வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடுகிற ஒரு "ம்ம்ம்ம்". தூரத்தில் விமானம் போகிற மாதிரி.

"அப்பா, இது என்ன சத்தம்?"

"அது றோட்டுச் சத்தம்" என்று சொல்லி ரேடியோவைக் கூட்டினார்.

அடுத்த சனிக்கிழமை முன் சில்லுகளைக் கழற்றிப் பார்த்தேன். வலது பக்கத்தில் பிரேக் பாட்ஸ் தேய்ந்து 4 மில்லிமீற்றரில் நின்றது. புதிதில் 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்ற வேண்டும். றோட்டரிலும் கோடுகள். "ஆ, கண்டுபிடிச்சிட்டன்" என்று எனக்குச் சந்தோசம். இரண்டு பக்கத்துக்கும் பாட்ஸ், றோட்டர் வாங்கினேன். கிட்டத்தட்ட 380 டொலர். பின்னேரத்துக்குள் போட்டு முடித்து, எங்கட தெருவைச் சுற்றி இரண்டு முறை ஓடிப் பார்த்தேன். சத்தம் இல்லை. "சரியாகிட்டுது அப்பா" என்று திறப்பைக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் தலையில் கை வைத்திருப்பீர்கள். சத்தம் 60இல்தான் தொடங்கும். எங்கட தெருவில் 40க்கு மேல் ஓட முடியாது. பிழை வராத நிலைமையில் டெஸ்ற் பண்ணிவிட்டு, பிழை போய்விட்டது என்று டிக்கெற்றை மூடிவிட்டேன். வேலையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே பேசியிருப்பேன்.

அப்பா சொல்லாமல் விட்டது

இரண்டு கிழமைக்குப் பிறகு பெரியம்மா வீட்டுக்குப் போக அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு சிக்னலுக்கு முன்னாலும் அவர் பிரேக்கை ஒருக்கா மிதித்து, விட்டு, திரும்ப மிதிப்பதைக் கவனித்தேன்.

"ஏன் அப்பா ரெண்டு தரம் மிதிக்கிறீங்கள்?"

"முதல் மிதி கொஞ்சம் கீழ போகுது. ரெண்டாவது பிடிக்கும்."

"எப்ப தொடக்கம்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது கன நாளா இருக்கு. நீ செய்த பிறகும் இருக்கு. நீ கஷ்டப்பட்டுச் செய்தனி, அதுதான் சொல்லேல்லை" என்றார்.

பெயின்ற் வாளிகளும் ஏணியும் ஏற்றின வண்டி, 401இல், இரண்டாவது மிதிக்கு நிற்கிறது. என் மனம் நோகக்கூடாது என்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். இன்னும் இரண்டு விசயம் வெளியில் வந்தது. மெதுவாக வந்து நிற்கும்போது கடைசி இரண்டு மூன்று மீற்றரில் பெடலுக்குள் "கிர்ர்ர்" என்று துடிக்கும். ஐஸ் என்று நினைத்திருக்கிறார். ஏபிஎஸ் விளக்கு ஒருக்கா எரிந்து தானாகவே அணைந்திருக்கிறது.

ஆக மொத்தம் மூன்று குறிகள்: வேகத்தோடு கூடும் சத்தம், கீழே போகும் முதல் மிதி, தேவையில்லாமல் வேலை செய்யும் ஏபிஎஸ். நான் இவற்றில் ஒன்றை மட்டும் கேட்டு, கண்ணில் பட்ட முதல் தேய்மானத்தைக் குற்றவாளி ஆக்கிவிட்டேன். பாட்ஸ் தேய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அது கதையே இல்லை.

ஒரு காரணம் எப்படி மூன்று குறியைக் காட்டும்?

இதை விளங்க முதலில் சில்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

சில்லு பூட்டப்பட்டிருக்கிற சுழலும் துண்டுதான் ஹப். அது அசையாத பகுதியோடு சேருகிற இடத்தில் பேரிங் இருக்கிறது. கடினமான உருக்கு உருளைகளோ குண்டுகளோ இரண்டு வளையங்களுக்கு நடுவில் கிறீஸில் உருளும். வண்டியின் பாரம் முழுக்க நாலு பேரிங்கில்தான் நிற்கிறது. பழைய லொறிகளில் கூம்பு வடிவ உருளைகள் உள்ள பேரிங்தான் இருந்தது. ஹென்றி டிம்கன் 1898இல் காப்புரிமை எடுத்த வகை அது. அதைக் கழற்றிக் கழுவி, கிறீஸ் அடைத்துத் திரும்பப் பூட்டலாம். இப்போதுள்ள பிக்கப்புகளில் பேரிங்கும் ஹப்பும் ஏபிஎஸ் சென்சரும் ஒரே துண்டாக, சீல் பண்ணி வருகிறது. உள்ளே தண்ணீரும் உப்பும் புகுந்தால் கழுவ வழியில்லை. முழுவதையும் மாற்ற வேண்டியதுதான்.

உப்பு என்று சும்மா சொல்லவில்லை. கனடாவின் வீதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் தொன் உப்புப் போடப்படுவதாக 2001இல் மத்திய அரசின் மதிப்பீடு ஒன்று சொன்னது. ஊரில் முப்பது வருசம் ஓடின லொறிக்கு வராத துரு இங்கே பத்து வருசத்தில் வரும்.

பேரிங் தேயத் தொடங்கினால், உருளும் பாதையில் சின்னச் சின்னக் குழிகள் விழும். அதுதான் "ம்ம்ம்". இன்னும் தேய்ந்தால் சில்லில் ஆட்டம் வரும். இங்கேதான் பிரேக் கதைக்குள் வருகிறது.

நீங்கள் பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தம் கலிப்பருக்குப் போய், பிஸ்டன் பாட்ஸை றோட்டரோடு நெரிக்கும். காலை எடுத்தால் பிஸ்டன் மில்லிமீற்றரின் ஒரு சின்னப் பங்குதான் பின்னால் போகும். அதனால் பாட்ஸ் எப்போதும் றோட்டருக்குப் பக்கத்திலேயே காத்துக்கொண்டு நிற்கும். றோட்டரோ ஹப்பில் பூட்டியிருக்கிறது. பேரிங்கில் ஆட்டம் இருந்தால் றோட்டரும் ஆடும், ஆடி ஆடிப் பாட்ஸைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்புவதற்கே போய்விடும். இரண்டாவது மிதிதான் பிரேக். நான் புது பாட்ஸ் போட்டும் மாறாததற்குக் காரணம் அதுதான்.

ஏபிஎஸ்ஸும் அதே கதை. ஹப்பில் இருக்கிற சென்சர், சுழலும் வளையத்தை வாசித்து அந்தச் சில்லின் வேகத்தைச் சொல்லும். வளையம் ஆடினால் சென்சருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி மாறும், சிக்னல் அறுந்து அறுந்து வரும். கணினி என்ன நினைக்கும்? "ஐயோ, இந்தச் சில்லு பூட்டுப்பட்டுட்டுது" என்று நினைத்து, அந்தச் சில்லின் பிரேக்கைத் தளர்த்திவிடும். நிற்க வேண்டிய நேரத்தில்.

மூன்று குறி, ஒரு வேர். அப்பாவிடம் முதல் நாளே கேட்டிருந்தால் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்திருப்பேன். 380 டொலர் பிறகு யோசித்திருக்கலாம்.

ஓடும்போதே செய்யக்கூடிய சோதனைகள்

பக்கத்துத் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். ஊரில் லொறி கராஜ் வைத்திருந்தவர், இப்போது ஓய்வு. அவரிடம் போனேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, கழட்ட முதல் ஓடிப் பார்க்கோணும்" என்றார். அவரோடு ஓடிப் பார்த்ததில் படித்தவை இவை. காலியான, நேரான றோட்டில், இரண்டு பேராகச் செய்யுங்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் கேட்க.

ஒன்று: சத்தம் வரும் வேகத்தில் காலை எடுத்து, கியரை நியூட்ரலுக்குப் போட்டு உருள விடுங்கள். எஞ்சினைக் கட்டாயம் நிற்பாட்ட வேண்டாம். நிற்பாட்டினால் ஸ்ரியரிங் பாரமாகிவிடும். எஞ்சின் சுற்று விழுந்தும் சத்தம் அப்படியே இருந்தால், பிழை சில்லுப் பக்கம். சத்தமும் விழுந்தால் எஞ்சின் பக்கம் பாருங்கள்.

இரண்டு: பிரேக்கை மெல்லத் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் சத்தம் தொடங்கினாலோ மாறினாலோ பிரேக்கைச் சந்தேகப்படலாம். எங்களுக்கு மாறவில்லை. நான் பாட்ஸை வாங்க முதல் செய்திருக்க வேண்டிய பத்து வினாடிச் சோதனை இது.

மூன்று: அகலமான றோட்டில் மெதுவாக இடதுபக்கம், பிறகு வலதுபக்கம் வளையுங்கள். இடதுபக்கம் திரும்பினால் பாரம் வலதுபக்கச் சில்லுகளில் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலதுபக்கப் பேரிங். மற்றப் பக்கம் என்றால் மாறி யோசியுங்கள். நூற்றுக்கு நூறு சரியாக வராது, ஆனால் எங்கே தொடங்குவது என்று சொல்லும். எங்களுக்கு இடதுபக்கம் வளைத்தபோது சத்தம் கூடியது.

நான்கு: ரயரை மறக்க வேண்டாம். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த ரயரும் இதே மாதிரி ஊளையிடும். கொங்கிறீற் றோட்டில் இருந்து புது தார் றோட்டுக்கு ஏறும்போது சத்தத்தின் தன்மை நல்லா மாறினால் ரயர் என்று நினைக்கலாம். சந்தேகம் இருந்தால் முன் ரயரைப் பின்னுக்கும் பின் ரயரை முன்னுக்கும் மாற்றிப் போடுங்கள். சத்தமும் இடம் மாறினால் ரயர்தான்.

ஐந்து: கொஞ்ச நேரம் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓடிவிட்டு நிற்பாட்டி, நாலு சில்லின் நடுப்பகுதியின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தூரத்தில் இருந்து சூடு பார்க்கிற துப்பாக்கி மாதிரிக் கருவி இருந்தால் நல்லது. கையால் தொட வேண்டாம், பிரேக் றோட்டர் தோலைச் சுட்டுவிடும். முன் இடது 34 பாகை காட்டியது, முன் வலது 61. எண்ணை விட வித்தியாசம்தான் முக்கியம்.

ஜக்கில் ஏற்றிய பிறகு

சமதளம். பின் சில்லுகளுக்கு முட்டு. ஜக்கால் தூக்கியவுடன் ஜக் ஸ்ரான்டில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையைக் கொடுக்க வேண்டாம். மாமா சொன்னார், "இதிலதான் ஆக்கள் செத்தவை, பேரிங்கில இல்லை" என்று.

இப்போது சில்லை மணிக்கூடு மாதிரி நினையுங்கள். 12 மணி இடத்திலும் 6 மணி இடத்திலும் கையை வைத்து, மேலே தள்ளிக் கீழே இழுத்து ஆட்டுங்கள். பிறகு 9 மணி, 3 மணி இடத்தில். 9-3இல் மட்டும் ஆட்டம் இருந்தால் முதலில் ஸ்ரியரிங் இணைப்புகளைப் பாருங்கள். எங்கட வண்டியில் இரண்டு வழியிலும் ஆடியது. 12-6இல் "டக் டக்" என்று நல்லாக் கேட்டது.

ஆனால் 12-6 ஆட்டத்துக்கு இரண்டு பேர் காரணமாக இருக்கலாம்: பேரிங், அல்லது சஸ்பென்ஷனில் இருக்கிற போல் ஜொயின்ற். இதைப் பிரிக்க மாமா காட்டிய வித்தைதான் இந்தக் கடிதத்திலேயே எனக்குப் பிடித்தது. அப்பாவை உள்ளே ஏற்றி பிரேக்கை அமத்திப் பிடிக்கச் சொன்னார். திரும்ப ஆட்டினோம். ஆட்டம் போய்விட்டது. ஏன்? பிரேக் பிடித்தால் றோட்டரும் கலிப்பரும் ஒன்றாகிவிடும். கலிப்பர் அசையாத பகுதியில் பூட்டியிருக்கிறது. அதனால் நடுவில் இருக்கிற பேரிங் ஆட இடமில்லை. பிரேக் பிடித்தும் ஆடினால் போல் ஜொயின்ற். ஒரு சதமும் செலவில்லாமல் இரண்டு சந்தேகத்தில் ஒன்றை வெட்டிவிட்டார்.

கடைசியாக, கியரை நியூட்ரலுக்கும் நாலு சில்லு இழுவையை இரண்டு சில்லுக்கும் மாற்றிவிட்டு, ஒரு கையால் சில்லைச் சுற்றி, மற்றக் கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் வைக்கச் சொன்னார். நல்ல பேரிங் என்றால் கைக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்கு மண் அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு ஸ்பிரிங் வழியாக வந்தது. காதுக்கு முதல் கைக்குத் தெரிந்தது.

ஸ்கானர் பற்றி ஒரு வார்த்தை

தொழில்நுட்பப் பொட்காஸ்ற் கேட்கிற ஆக்கள் நீங்கள், "ஸ்கானர் போட்டுப் பார்த்தால் என்ன?" என்று கேட்பீர்கள். நானும் முதல் நாளே போட்டேன். ஒரு கோடும் இல்லை என்று காட்டியது, நானும் நம்பினேன். அமெரிக்கச் சந்தைக்கு 1996 தொடக்கம் வந்த கார்களிலும் இலகு ட்ரக்குகளிலும் ஓபிடி-2 கட்டாயம். ஆனால் 20 டொலர் ரீடர் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டும்தான் வாசிக்கும். அவை 'பி' எழுத்தில் தொடங்கும். பிரேக், ஏபிஎஸ் கோடுகள் 'சி'யில் தொடங்கும். அதை வாசிக்க ஏபிஎஸ் பார்க்கத் தெரிந்த ஸ்கானர் வேண்டும். "பிழை இல்லை" என்பதும் "எனக்குப் பார்க்க அனுமதி இல்லை" என்பதும் ஒரே திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

நண்பன் ஒருவனிடம் நல்ல ஸ்கானரை இரவல் வாங்கி, நாலு சில்லின் வேகத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தோம். மணிக்கு 15 கிலோமீற்றரில் மூன்று சில்லு 15 காட்ட, முன் வலது திடீரென்று பூச்சியத்துக்கு விழுந்து திரும்ப ஏறியது. அப்பா ஐஸ் என்று நினைத்தது அதைத்தான். இத்தனைக்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஓட்டுநர், பிறகு காது, பிறகு கை, கடைசியில் திரை.

உங்கட வண்டிக்கு வேறு குறிகள் என்றால்

எல்லாமே பேரிங் ஆகாது. மெயிலில் வந்த மற்றக் கேள்விகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்ரியரிங் நடுங்கினால் முன் றோட்டர். இருக்கை நடுங்கினால் பின் றோட்டர். "றோட்டர் வளைஞ்சிட்டுது" என்று எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது வளைவு இல்லை, சுற்றுக்குச் சுற்று தடிப்பு மாறுவது. ஹப்பின் முகத்தில் இருக்கிற துருவைத் தேய்க்காமல் புது றோட்டரைப் போட்டால், அது கொஞ்சம் சரிந்து சுற்றி, கொஞ்ச நாளில் தடிப்பு மாறி, நடுக்கம் திரும்ப வரும். கம்பித் தூரிகையால் ஹப்பைப் பளபளப்பாக்கிய பிறகுதான் றோட்டர். அதன் விளிம்பில் அல்லது உள்பக்கத்தில் ஆகக் குறைந்த தடிப்பு அச்சடிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனதைத் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

ஒரே சில்லில் உள் பாட் கூடத் தேய்ந்து வெளிப் பாட் தடிப்பாக இருந்தால், கலிப்பர் வழுக்குகிற பின்கள் இறுகிவிட்டன என்று அர்த்தம். கழற்றிச் சுத்தமாக்கி, பிரேக்குக்கான சிலிக்கன் கிறீஸ் பூசினால் பெரும்பாலும் சரியாகும். பெற்றோலியக் கிறீஸ் பூசினால் ரப்பர் ஊதிவிடும்.

ஒரு சில்லு மட்டும் கொதித்து, வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அந்தக் கலிப்பரின் காற்று விடும் ஆணியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சில்லு விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. உள்ளே அடைத்துப்போன ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படலாம். விடுபடாவிட்டால் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது.

பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் குழாயில் காற்று. மிதித்துப் பிடிக்க மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கேயாவது எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். கசிவு இல்லாவிட்டால் மாஸ்ரர் சிலிண்டர். இவை இரண்டும் இருந்தால் வண்டியை எடுக்க வேண்டாம். பிரேக் எண்ணெய் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 எண்ணெய் புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. தண்ணீர் 3.7 வீதம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். பாரம் ஏற்றிக்கொண்டு நீண்ட இறக்கம் இறங்குகிறவர்களுக்கு இது முக்கியம்.

மாற்றிய நாள்

புது ஹப் 210 டொலர். பழையதைப் பிடித்திருந்தது மூன்று போல்ற். போல்ற் கழன்றது அரை மணியில், ஹப் வந்தது இரண்டரை மணியில். துரு அவ்வளவுக்கு ஒட்டியிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடியுங்கள், நான் அடிக்கவில்லை.

நீங்கள் செய்வதென்றால் நாலு விசயம். கலிப்பரைக் கழற்றினால் அதன் ஹோஸில் தொங்கவிட வேண்டாம், கம்பியால் மேலே கட்டுங்கள். தூசைக் காற்றால் ஊத வேண்டாம், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். கனடாவில் அஸ்பெஸ்டஸ் உள்ள பாட்ஸுக்கே 2018 கடைசியில்தான் முழுத்தடை வந்தது, பழைய வண்டியில் என்ன இருக்கும் என்று நம்பேலாது. நடுவில் இருக்கிற அச்சு நட்டை, வண்டியின் கைநூலில் சொன்ன அளவுக்கு டோர்க் ரெஞ்சால் இறுக்க முதல் வண்டியின் பாரத்தைச் சில்லில் இறக்க வேண்டாம், புதுப் பேரிங்கே பழுதாகும். சில்லு நட்டுகளை நட்சத்திர வரிசையில், கைநூல் அளவில் இறுக்கி, 100 கிலோமீற்றருக்குள் திரும்ப ஒருக்கா பாருங்கள்.

சில்லு கழன்று போவது கதை இல்லை. ஒன்ராறியோவில் 1997இல் கொண்டுவந்த சட்டப்படி, வர்த்தக லொறி ஒன்றின் சில்லு ஓட்டத்தில் கழன்றால் 2,000 முதல் 50,000 டொலர் வரை தண்டம். "நான் கவனமாகத்தான் இருந்தேன்" என்ற வாதம் எடுபடாது. அந்தச் சட்டம் பெரிய வாகனங்களை மனதில் வைத்து வந்தது. ஆனால் சில்லுக்கு வண்டியின் அளவு தெரியாது.

ஆட்டம் கைக்குத் தெரிகிற அளவில் இருந்து, உங்களுக்கு இந்த வேலை பழக்கம் இல்லையென்றால், ஓடிக்கொண்டு போகாமல் இழுத்துக்கொண்டு போய் கராஜில் விடுங்கள். அங்கே "பிரேக்கைப் பாருங்கோ" என்று மட்டும் சொல்ல வேண்டாம். "60இல் சத்தம் தொடங்குது, இடதுபக்கம் திரும்பினால் கூடுது, முதல் மிதி கீழ போகுது, 12-6இல் ஆட்டம், பிரேக் பிடிச்சால் ஆட்டம் இல்லை" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோசப்படுவார். மற்றவர்கள் உங்களிடம் தேவையில்லாத சாமான் விற்க யோசிப்பார்கள்.

கடைசியாக

இந்த முறை தெருவைச் சுற்றவில்லை. ஏணியும் வாளியும் ஏற்றி, 401இல் ஏஜாக்ஸ் மட்டும் போய்த் திரும்பினோம். ரேடியோ போடவில்லை. 60இல் சத்தம் இல்லை, 100இலும் இல்லை. சிக்னலில் முதல் மிதியிலேயே நின்றது. அப்பா பழக்கத்தில் இரண்டாவது தரமும் மிதித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இனி ஏதும் எண்டால் சொல்லுங்கோ அப்பா. நான் செய்தது பிழை எண்டாலும் சொல்லுங்கோ."

"சொல்லுறன். நீயும் கேள்" என்றார்.

அதுக்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் அவரோடு ஒரு சுற்றுப் போகிறேன். பிரேக் எப்படி, ஸ்ரியரிங் எப்படி, புதுசா ஏதும் சத்தம் இருக்கா என்று வரிசையாகக் கேட்பேன். பத்து நிமிச வேலை. உங்கட வீட்டிலும் காலமை இருட்டோடு வேலைக்கு ஓடுகிற அப்பாவோ அம்மாவோ இருந்தால், இந்தக் கிழமை ஒருக்கா பக்கத்தில் ஏறி இருந்து பாருங்கள். ரேடியோவை நிற்பாட்டிவிட்டு.

உங்கட வண்டிச் சத்தங்களை எழுதி அனுப்புங்கள். எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் தொடங்குது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாட்டி நான் திரும்பக் கேட்பேன்.

அடுத்த கிழமை சந்திப்பம்.